பெயரில்லாக் கொக்கி

கடற்கரைத் தெருக்களில் கல்யாணக் கொக்கிக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். பெயர் வைத்தால் என்றைக்காவது கழற்றப் போகிறோம் என்று அர்த்தம். கழற்றும் உத்தேசத்தோடு யாராவது தாலி கட்டுவார்களா?

தொழிலுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு இன்னாசி சிரித்திருக்கிறான். பிறகு அவனும் அப்படியே எழுதப் பழகிவிட்டான். மற்ற எல்லாக் கொக்கிக்கும் முதல் வரியில் ஒரு பெயர் இருக்கும். கிரேன் ஓட்டுகிறவனுக்கு மயக்கம் வந்தால் மேற்பார்வையாளருக்குச் சொல்லும் கொக்கி, சர்க்கரை வியாதிக்காரருக்குத் தலை சுற்றினால் மகளை அழைக்கும் கொக்கி, எதுவானாலும் சரி. அந்தப் பெயரைச் சொன்னால்தான் பின்னால் கழற்ற முடியும். கல்யாணக் கொக்கிக்கு மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நேராக வேலையை எழுதிவிடுவான். இவர் பயந்தால் அவள் நெஞ்சில் தட்டு. அவ்வளவுதான் விஷயம். மண்டபத்தில் சாமியார் ஜெபத்தை முடிப்பதற்குள் இரண்டு பேர் காதுக்குப் பின்னாலும் கருவியை வைத்து எடுத்துவிடுவான். பந்தியில் முதல் வரிசையில் அவனுக்கு ஓர் இலை உண்டு.

காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் இருப்பதை மொட்டு என்பார்கள். ஆபத்தான வேலை பார்க்கிறவர்களுக்கு அது கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகு ஊரில் பாதிப் பேர் காதில் மொட்டு வந்துவிட்டது. உடம்பில் நடப்பதை அது அறிவிக்கும். பயம், வலி, மயக்கம் என்று. அறிவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த அறிவிப்பை யார் கேட்பது, கேட்டதும் என்ன செய்வது என்பதெல்லாம் கொக்கி எழுதுகிறவன் பாடு. கடலுக்குப் போகிறவர்களின் மனைவிமார் இந்த வசதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கடல் புரட்டுகிற நாட்களில் வயர்லெஸ்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நடப்பார்கள்.

இன்னாசி காதிலும் ஒரு மொட்டு இருந்தது. எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதற்காக. அவன் யாருக்கும் தட்டியதில்லை. அவனுக்கும் யாரும் தட்டியதில்லை. கல்யாணம் ஆகாததால் அப்படியா, அப்படி இருந்ததால் கல்யாணம் ஆகவில்லையா என்று அவன் யோசித்தது கிடையாது.

தொம்மை கடைக்குள் வந்தபோது மத்தியானம். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கிறவன். இன்னாசியோடு ஒரே வகுப்பில் படித்தவன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"வே இன்னாசி, என் தங்கச்சி கொக்கியக் கழட்டணும்."

"எந்தக் கொக்கி?"

"என்ன கேள்வி இது? நீரு மாட்டுனதுதான். லிகோரிகூட."

லிகோரி கடலில் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வள்ளம் கவிழ்ந்து கிடைத்தது. கூடப் போனவர்களின் உடல்கள் மறுநாளே கரை ஒதுங்கின. லிகோரி மட்டும் கிடைக்கவில்லை. தொம்மையின் தங்கை மெற்றில்டா கறுப்புச் சேலை கட்டவில்லை, இறந்தவனுக்கான பூசை வைக்கவும் சம்மதிக்கவில்லை. அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை.

"ஆளே இல்லாத கொக்கி சும்மா கெடந்துட்டுப் போவுது. அத எதுக்குக் கழட்ட?"

"சும்மா கெடந்தா நான் ஏன்வே வாரேன்?" தொம்மை குரலைத் தாழ்த்தினான். "தட்டுது."

இன்னாசி கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"தவசு காலத்துலருந்து, ஈஸ்டருக்கு முந்தியே, தட்டுதுங்கா. காலையில விடாமத் தட்டுது. சில நாளு மத்தியானமும். அவ என்ன சொல்லுதான்னா, மாப்பிள உயிரோட இருக்காரு, எவன் ஜெயில்லயோ கெடக்காரு, தெனமும் அடிக்கானுவன்னு சொல்லிட்டுத் திரியுதா. டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. நெஞ்சு வீங்கிப் போயிருக்காம். அடுத்தவன் பயத்தத் தெனமும் வாங்கிட்டிருந்தா கடைசில எந்த நெஞ்சும் நின்னுரும்ங்காரு."

"கழட்ட முடியாது தொம்மை. அதுக்குப் பேரு இல்ல."

"நீருதானவே எழுதுனீரு?"

"நான்தான் எழுதுனேன். திருவிழாக் கூட்டத்துல நின்னு 'ஏலே, இங்க வாலே'ன்னா எவன் திரும்புவான்? பேரு வேணும்லா. எல்லா மொட்டையும் இணைச்சு வச்சிருக்க இணைப்பகத்துக்காரன்ட்டக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவான். போலீசோ மொதலாளியோ நம்ம கொக்கியில கை வச்சிரக் கூடாதுன்னு அவன் அப்படிக் கட்டி வச்சிருக்கான்."

"அப்ப வழியே இல்லியா?"

"ஒண்ணு உண்டு. அந்த மொட்டுல தொங்குத அத்தன கொக்கியையும் மொத்தமா வழிச்சிரலாம். அதுக்கு மொட்டுக்காரன் பெருவிரல் வைக்கணும்."

"மொட்டுக்காரன் செத்துட்டானேவே."

"செத்தவன் பயப்பட மாட்டாம்லா."

தொம்மை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வெளியே மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

"சரி, இவ காதுல இருக்குத மொட்டையே எடுத்துப் போட்டா?"

"வேர் விட்டிருக்கும். உயிரோட எடுத்தா ஒரு பக்கத்து மொகம் விழுந்துரும். பொணத்துலருந்துதான் எடுப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. நாளைக் காலையில் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

மெற்றில்டா முற்றத்தில் உட்கார்ந்து ஊளி மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். இன்னாசியைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். முகம் ஊதியிருந்தது, கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

"வாங்கண்ணே. எங்க அண்ணன் கழட்டச் சொல்லித்தானே அனுப்பிச்சான்? அதெல்லாம் நடக்காது. நீங்க அவிய எங்க இருக்காவன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"மொதல்ல தட்டட்டும். பாப்போம்."

அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கழுத்து நரம்பு எழும்பியது. உதடு வெளுத்தது. மூச்சை வாயால் இழுத்து இழுத்து விட்டாள். இடையில் ஒருதரம் இன்னாசியைப் பார்த்துத் தலையாட்டினாள். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்பது போல.

இன்னாசி கருவியைத் திறந்தான். லிகோரி மொட்டின் எண்தான். அறிவிப்பு பயம்தான். இடம் கடல் இல்லை, வேறு நாடும் இல்லை. மதுரைக்கு வெளியே, புதிதாக அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிற ஒரு பகுதி. தொங்கும் கொக்கிகளின் வரிசையைப் பார்த்தான். தலையில் அவன் எழுதிய பெயரில்லாக் கொக்கி. அதற்கு அடுத்ததாக இன்னொன்று, ஒரு துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரோடு. அதைத் திறந்து படித்தான். ஒரே வரி. பயம் வந்தால், 'சரி, பார்த்துக்கொண்டேன்' என்று பதில் சொல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யாரையும் அழைக்கவில்லை, எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இந்தத் தந்திரம் அவனுக்குத் தெரியும். எழுதுகிறவர்கள் சோதனை ஓட்டும்போது மணி அடித்துக்கொண்டே இருந்தால் எரிச்சலில் இப்படி ஒன்றை மாட்டி வாயை அடைப்பார்கள். வரிசையில் ஒருவன் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் அறிவிப்பு அவனோடு நின்றுவிடும். பின்னால் நிற்கிறவனுக்குப் போகாது. கடைசியில் நிற்பது அரசாங்கத்தின் மீட்புப் படை. அதற்கு எப்போதுமே போகாது. மெற்றில்டாவின் கொக்கி பழையது என்பதால் அவளுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. அவளுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எங்கண்ணே காட்டுது?"

"மதுரைப் பக்கம்."

"மதுரையா?" அவள் சிரித்துவிட்டாள். மூச்சு இன்னும் சீராகவில்லை. "பஸ் ஏறுனா போயிரலாமே. ஜெயில் இல்லியா அப்ப? தலையில அடிபட்டு எல்லாம் மறந்து போயிருக்கும்ணே. வேலைக்கு வச்சிக்கிட்டு எவனோ மெரட்டுதான். நானும் வாரேன்."

"நான் மொதல்ல போய்ப் பாத்துட்டு வாரேன். நீ இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு பஸ்ல ஏறாத."

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். மீன் செதில் ஒட்டிய சேலையோடு நின்று அவள் சிரித்ததால் அவன் வாயைத் திறக்கவில்லை.

மதுரையில் இறங்கி, கருவி காட்டிய இடத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனான். அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம் கழிவுத்தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. பக்கத்தில் உறிஞ்சு லாரி. வேப்பமரத்தடியில் ஒருவன் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

அவன் பெயர் வீரணன். இன்னாசி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் முதலில் நம்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, கருவியில் இருந்த எண்ணைக் காட்டி, இன்று காலையில் எந்த நேரத்தில் பயந்தான் என்று சொன்ன பிறகு நம்பினான்.

"இது செகண்டுண்ணே. மேஸ்திரி மொத்தமா வாங்கிட்டு வந்து எங்க எல்லாருக்கும் வச்சு விட்டாரு. காதுல மொட்டு இல்லேனா உள்ள எறக்கக் கூடாதுன்னு சட்டமாம்ல. இருந்தா எறக்கலாமாம்." அவன் சிரித்தான். "யாரோடதுண்ணே இது?"

"கடல்ல போனவரு. உடம்பு எங்கயோ ஒதுங்கியிருக்கு. எடுத்தவன் சொல்லல. சொன்னா மொட்ட சர்க்காருக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

வீரணன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். டீயை அப்படியே வைத்துவிட்டான்.

"நீங்க பயந்தா மேஸ்திரிக்குச் சேதி போகும்னு சொன்னாரா?" என்று கேட்டான் இன்னாசி.

"ஆமாண்ணே. உள்ள ஒண்ணுன்னா ஆபீசுல மணி அடிக்கும், உடனே ஓடியாருவாகன்னாரு."

"அடிக்காது."

இன்னாசி விளக்கினான். முழுக்க விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே வீரணன் தலையை ஆட்டினான். புதிய செய்தி மாதிரி அவன் கேட்கவில்லை.

"அப்ப யாருக்குமே கேக்கலையா?"

"ஒருத்தருக்குக் கேக்குது. அந்தக் கடல்ல போனவரு சம்சாரம். தூத்துக்குடி."

"பொம்பளைக்கா?" அவன் முகம் சுருங்கியது. "நான் உள்ள நடுங்குறதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியுதா? அசிங்கமா இருக்குண்ணே."

"அசிங்கம் என்ன இருக்கு. அவளுக்கு நெஞ்சு கெட்டுப் போச்சு. நீங்க பெருவிரல் வச்சா எல்லாத்தையும் வழிச்சிரலாம். அவ கொக்கியும் போயிரும், மேஸ்திரியோடதும் போயிரும். அப்புறம் நீங்க பயந்தா நேரா மீட்புப் படைக்குப் போவும். உங்களுக்கும் நல்லதுதான்."

வீரணன் தொட்டியின் வாயைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒவ்வொரு தரமும் எறங்கறதுக்கு முன்னால மேஸ்திரி மிசினை வச்சுப் பாப்பாரு. கம்பெனிக் கொக்கி இல்லேன்னா அன்னைக்கே என்னய வெளிய அனுப்பிருவாரு. எம்பொண்டாட்டி மாசமா இருக்காண்ணே. நீங்க பாட்டுக்கு ஊருக்குப் போயிருவீக." பிறகு சொன்னான். "அதுவும் போக, ஒரு ஆளுக்காச்சும் கேக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. அதையும் கழட்டச் சொல்றீக."

இன்னாசி கருவியை மூடினான்.

"முந்தியெல்லாம் எனக்குப் பயமே கெடையாது. ரெண்டு கிளாசு ஊத்திக்கிட்டுத்தான் எறங்குவேன். ஒண்ணும் தெரியாது. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அவ சத்தியம் வாங்கிட்டா. இப்பத் தெளிவா எறங்குறேன்ல, அதான். ஆனா தெளிவா இருந்தா ஒரு நல்லதுண்ணே. வாடை மூக்குல ஏறுறதுக்கு முன்னால நெஞ்சுக்குத் தெரிஞ்சுரும். சட்டுன்னு மேல வந்துருவேன். அப்படி நாலஞ்சு தடவை வந்திருக்கேன்." அவன் எழுந்து காலை உதறினான். "அந்த அக்காவைக் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. இனிமே நான் பயப்படாம இருக்கப் பாக்குறேன்."

"அது உங்க கையிலயா இருக்கு?"

"வழி இருக்குண்ணே."

என்ன வழி என்று இன்னாசிக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொம்மையின் தங்கை பிழைக்க வேண்டும். அதற்காகத்தானே வந்தான்? மேஸ்திரியின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஊருக்கு வந்து சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். மொட்டு வேறொருவன் காதில் இருக்கிறது, பிணத்திலிருந்துதான் எடுப்பார்கள், அதனால் லிகோரி செத்தது நிச்சயம். தொம்மை தங்கையைப் பிடித்துக்கொள்ள எழுந்தான். அவள் விழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆளு பேரு என்ன?"

"வீரணன்."

"எதுக்குப் பயப்படுதான்?"

இன்னாசி அதையும் சொன்னான்.

"வேற யாருக்குக் கேக்கும்?"

"யாருக்கும் கேக்காது."

"என் கொக்கிக்குப் பதிலா வேற ஒண்ணு மாட்டுனா?"

"புதுசா எது மாட்டினாலும் வரிசையில கடைசில போய் நிக்கும். நடுவுல மேஸ்திரி நிக்கான். தாண்டி வராது."

"அப்ப நீ அவனுக்கு ஆயுசுக்கும் காவலா இருக்கப் போறியாக்கும்?" தொம்மை கத்தினான். "எவன்ளா அவன்? எந்த ஊர்க்காரன்? கட்டுன புருசனுக்காகச் சாவுறேன்னாலும் ஒரு ஞாயம் உண்டு."

"அவன் விரல் வைக்க மாட்டேன்னுட்டானாம்லா. நான் என்ன செய்ய?" என்றாள் அவள். அவ்வளவுதான் பேசினாள்.

இன்னாசி தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதினான். தொழிலாளிக்கு மொட்டு பொருத்தப்பட்டுள்ளது, மொட்டில் கொக்கி மாட்டப்பட்டுள்ளது, விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த வாரத்திலேயே தட்டுவது நின்றது.

மெற்றில்டாவின் முகத்தில் வீக்கம் வடிந்தது. டாக்டர் இரண்டு மாத்திரைகளை ஒன்றாகக் குறைத்தார். தொம்மை கடைக்கு வந்து வஞ்சிரம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, "எப்படிவே நிறுத்துனீரு?" என்று கேட்டான்.

"நான் நிறுத்தல. அவன் நிறுத்திட்டான்."

"நல்ல பய."

இன்னாசி எப்போதாவது கருவியைத் திறந்து பார்ப்பான். மொட்டு உயிரோடு இருந்தது, அறிவிப்பு மட்டும் இல்லை. காலையில் இறங்கும்போதும் இல்லை, ஏறும்போதும் இல்லை. ஒருதரம் வீரணனுக்குப் போன் செய்தான். காலை பத்து மணிக்கே நாக்குக் குழறியது. "அக்கா எப்படி இருக்காக? சொகமா?" என்று கேட்டான் வீரணன். சுகம் என்றான் இன்னாசி. "அப்பச் சரிண்ணே" என்று வைத்துவிட்டான். பின்னால் ஒரு பெண் அழுகிற சத்தமோ திட்டுகிற சத்தமோ கேட்டது.

பனிமயமாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் மெற்றில்டாவிடமிருந்து போன் வந்தது. முன்மத்தியானம். ஒரு தவறிய அழைப்பு, இரண்டாவது, மூன்றாவது. எடுத்தபோது அவள் மூச்சுதான் முதலில் கேட்டது.

"அண்ணே, வந்துட்டு. நிக்க மாட்டேங்குது. விட்டு விட்டு வரல, ஒரே பிடியாப் பிடிக்குது. அவனுக்கு என்னமோ ஆவுது. யாரையாவது கூப்புடுங்கண்ணே."

இன்னாசி மேஸ்திரியை அழைத்தான். நான்காவது தரம் மணி அடித்ததும் எடுத்தார்.

"யாரு? வீரணனா? இங்கதான் எங்கயாச்சும் டீ குடிக்கப் போயிருப்பான். நீங்க யாரு சார்?"

"உள்ள எறங்கினானா?"

"இன்னைக்கு அவனுக்கு எறக்கமே கெடையாது. தண்ணியப் போட்டுட்டு வந்தான், ஓரமா உக்காருடான்னு சொல்லியிருக்கேன்."

"மூடியத் திறந்து பாருங்க. உள்ள கெடக்கான். சீக்கிரம்."

"சார், இங்க கம்பெனி மிசின்ல எல்லாம் சரின்னுதான் காட்டுது. நீங்க யாருன்னு சொல்லுங்க மொதல்ல."

பெயரைச் சொல்லி, கெட்ட வார்த்தையும் சொல்லிக் கத்திய பிறகு அந்த ஆள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. இன்னாசி போனைக் காதில் வைத்துக்கொண்டே மெற்றில்டா வீட்டுக்கு ஓடினான். அவள் முற்றத்தில் தரையோடு தரையாகக் கிடந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் விசிறினார்கள். அவன் உள்ளே நுழைந்த சமயம் அவள் உடம்பு தளர்ந்தது. கண்ணைத் திறந்தாள். கையை நெஞ்சிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நின்னுட்டு," என்றாள்.

"ஆளு வெளிய வந்திருப்பான். பயம் போயிருக்கும்."

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவிய போன அன்னைக்கும் இப்படித்தான் வந்துச்சு. இதே பிடி. இதே மாதிரி சட்டுன்னு நின்னுச்சு. அன்னைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். கட்டையப் பிடிச்சிருப்பாவ, பயம் போயிருக்கும்னு."

போனில் மேஸ்திரியின் குரல் வந்தது. சார், சார் என்றது. இன்னாசி போனைக் காதிலிருந்து எடுத்தான்.

திருவிழா முடியும்வரை காத்திருந்து மெற்றில்டா பூசைக்குக் கொடுத்தாள். சாமியார் லிகோரியின் பெயரை வாசித்தார். அடுத்து வீரணன் என்று வாசிக்கும்போது கொஞ்சம் நிறுத்தி, தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி வாசித்தார். அவள் கறுப்புச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். வெளியே வந்ததும் நேராக இன்னாசியிடம் வந்தாள். தொம்மை பின்னாலேயே வந்தான்.

"அந்த மொட்ட எடுத்திருப்பானுவளா?"

"எடுத்தாச்சு. உடம்புல இல்லன்னு காட்டுது."

"இன்னொருத்தனுக்கு வைப்பானுவ?"

"வைப்பானுவ."

"அதுவரைக்கும் யாரு விரலும் வேண்டாம்லா?"

"வேண்டாம். சும்மா கெடக்குத மொட்ட எவனும் வழிக்கலாம், எவனும் மாட்டலாம். இப்பக் கழட்டிரலாம்."

"கழட்டிருங்கண்ணே," என்றாள் மெற்றில்டா. "ரெண்டு தரம் கேட்டுட்டேன். மூணாவது என்னால முடியாது."

அவள் அழவில்லை. தொம்மைதான் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைக்கு வந்து இன்னாசி வழித்தான். இரண்டு கொக்கியும் போயின. வரிசை காலியாக இருந்தது. மொட்டு எங்கேயோ ஒரு அலமாரியில் கிடக்கும். யாராவது மறுபடி கழுவித் துடைத்து விற்பார்கள். வாங்குகிறவன் ஆள் காதில் ஏற்றுவதற்கு முன் தன் ஒற்றை வரியைத் தலைமாட்டில் மாட்டிவிடுவான். அதற்கு முன் வரிசையின் தலையில் மீட்புப் படைக்கே ஒரு கொக்கி எழுதிப் பார்த்தான். அணிந்திருப்பவரின் பெயரும் ஊரும் இல்லாமல் ஏற்க முடியாது என்றது. அலமாரியில் கிடக்கிற மொட்டுக்கு ஏது பெயர்?

கருவியை மூடிவிட்டுக் கிளம்பினான். கதவைப் பூட்டிய பிறகு திரும்பத் திறந்தான். நின்றவாக்கிலேயே எழுதினான். இவர் பயந்தால் இன்னாசி நெஞ்சில் தட்டு. இடத்தைக் காட்டு. முதல் வரியில் பெயர் கேட்டது. சோதனை என்று போட்டான். சோதனைக் கொக்கியை அன்றைக்கே கழற்றிவிடுவது வழக்கம்.

அன்றைக்குக் கழற்ற மறந்துபோனது. மறுநாள் ஞாபகம் இருந்தது, ஒரு கல்யாணம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் எழுதும்போது பெயர் இடத்தில் கை நின்றது. மாமியார்க்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாகவே விட்டான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில், கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அது வந்தது. தட்டு என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறான். இப்படி இருக்கும் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. காலுக்கடியில் தரை இல்லாமல் போனது போல இருந்தது. வாய் கசந்தது. கருவியைத் திறந்தான். அவன் போயிராத ஓர் ஊர். ஒரு புள்ளி. பெயர் இல்லை, அழைக்க ஒரு நம்பர் இல்லை.

டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னவே, நெஞ்சு வலியா?"

"எனக்கு இல்ல," என்றான் இன்னாசி.